எழுவாய் எங்கே, பயனிலை எங்கே?

டி.எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ பாடத்தில் இருந்தால், அனோட்டேஷன் பகுதியில், அதாவது வரியைக் கொடுத்து விளக்கம் கேட்கும் இடத்தில், அதன் முதல் வரியை எதிர்பார்த்தே தேர்வுக்குப் போகலாம். மாதங்களிலேயே கொடூரமானது ஏப்ரல் என்கிற வரி. விடை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: “இவ்வரிகளில் கவிஞர் நவீன நாகரிகத்தின் ஆன்மிக வறட்சியைச் சித்திரிக்கிறார்.” தப்பு என்று அடிக்க முடியாது. ஆனால் இதே வாக்கியத்தை அந்தக் கவிதையின் 434 வரிகளில் எதற்குக் கீழே வேண்டுமானாலும் எழுதலாம். எலியட்டின் மற்றக் கவிதைகளான ‘ப்ரூஃப்ராக்’குக்கும் எழுதலாம், ‘தி ஹாலோ மென்’னுக்கும் எழுதலாம். வரியைப் பார்க்காமலே எழுத முடிகிற விளக்கம் அது. கைடு போடுகிறவர்களுக்கு அதுதான் வசதி.

நம் ஊர் மாணவருக்கு இந்த வரியில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஏப்ரல் கொடூரம் என்றால் வேலூரிலோ திருச்சியிலோ இருப்பவர் உடனே தலையாட்டிவிடுவார். சித்திரை வெயிலில் இதைச் சொல்ல ஒரு கவிஞர் வேண்டுமா? ஆனால் இங்கிலாந்தில் ஏப்ரல் என்பது பனி உருகித் தளிர் விடும் மாதம். சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ ஏப்ரலின் இனிய மழையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அந்த மாதத்தைக் கொடூரம் என்பது, “தை பிறந்தால் வழி பிறக்கும்” என்று சொல்லி வளர்ந்த நம்மிடம் ஒருவர் வந்து, தையைப் போலப் பாழாய்ப்போன மாதம் உண்டா என்று கேட்பதைப் போன்றது. அந்தத் தூக்கிவாரிப்போடல் உறைக்காவிட்டால் வரி செத்துப்போகிறது. தலையாட்டிய மாணவர் வரியின் சொற்களைப் புரிந்துகொண்டார், வரியைத் தவறவிட்டார்.

இப்போது வாக்கியத்தைப் பாருங்கள். முதல் ஏழு வரிகளில் முற்றுப்புள்ளி இரண்டே இடத்தில், நான்காம் வரியின் முடிவிலும் ஏழாம் வரியின் முடிவிலும். ஆக, வாக்கியங்கள் இரண்டு. முதல் வாக்கியத்தின் எழுவாய் ஏப்ரல். பயனிலை ‘இஸ்’ என்ற ஒரு நோஞ்சான் சொல். மற்றதெல்லாம் எச்சங்கள்: ப்ரீடிங், மிக்ஸிங், ஸ்டர்ரிங். இரண்டாம் வாக்கியத்தின் எழுவாய் குளிர்காலம், வினை ‘கெப்ட்’. பிறகு மறுபடியும் எச்சங்கள்: கவரிங், ஃபீடிங். இந்த ஐந்து ‘இங்’ சொற்களும் ஒரு காற்புள்ளியைத் தாண்டி வரியின் நுனியில் தனியாகத் தொங்குகின்றன. எதை முளைக்க வைக்கிறது, எதை எதோடு கலக்கிறது என்பது அடுத்த வரிக்குப் போனால்தான் தெரியும். வரி முடிவில் நின்று மூச்சு விடப் பார்த்தால் கவிதை பிடித்துத் தள்ளுகிறது. அயர்ந்து தூங்குகிறவனைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பும் அந்தத் தள்ளல்தான் ஏப்ரலின் கொடுமை. மண்ணுக்குள் மரத்துக் கிடந்த வேரை மழை கிளறுகிறது. மறந்து கிடந்தவர்களுக்கு நினைவும் ஆசையும் திரும்பி வருகின்றன. பனிக்காலமோ கதகதப்பாக வைத்திருந்ததாம். பனி கதகதப்பு, வசந்தம் கொடூரம்: உணர்வற்றுக் கிடப்பதே வசதி என்று பழகிப்போன ஒரு குரல் பேசுகிறது. இவ்வளவையும் பார்த்த பிறகு ‘ஆன்மிக வறட்சி’ என்று எழுதினால், அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் ஈரம் கிடைக்கும்.

கருத்து என்ன என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலில் தேடுவது. நவீன கவிதையை வகுப்பில் படிக்க இதைவிட உருப்படியான வழி இருப்பதாகத் தோன்றவில்லை.

இது ஆங்கிலம் தெரியாதவர்களுக்கான வைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துகளைச் சேர்த்து 1929இல் ‘ப்ராக்டிகல் கிரிட்டிசிஸம்’ என்று வெளியிட்டார். கவிதைகள் 13. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கில இலக்கியமே படிக்க வந்தவர்கள் அதில் எழுதியிருப்பதைப் படித்தால் நம் மாணவர்கள் மேல் மரியாதை வரும். வாசிப்பில் வரும் பத்துச் சிக்கல்களை ரிச்சர்ட்ஸ் வரிசைப்படுத்துகிறார். முதலாவது, நேர்ப்பொருள் பிடிபடாமல் போவது. வரி என்ன சொல்கிறது என்பதே தெரியாமல் அது ஆழமானது என்றும் மட்டமானது என்றும் எழுதியிருந்தார்கள். அவர் பட்டியலில் உள்ள ‘ஸ்டாக் ரெஸ்பான்ஸ்’ நம் வகுப்பிலும் நிரந்தரக் குடியிருப்பு. தாய் என்று வந்தால் தியாகம், ஆறு என்றால் வாழ்க்கை, இருட்டு என்றால் அறியாமை. சொல்லைக் கண்டதுமே கையிருப்பில் உள்ள உணர்ச்சியை எடுத்து நீட்டுவது.

தமிழ் வகுப்பில் இதே மாணவர் வேறு மாதிரி நடந்துகொள்வதுதான் வேடிக்கை. குறுந்தொகைப் பாட்டு என்றால் சீர் பிரிப்பார், அருஞ்சொற்பொருள் பார்ப்பார், யார் கூற்று என்று கேட்பார், பிறகுதான் பொழிப்புரைக்குப் போவார். எழுவாயும் பயனிலையும் தள்ளித் தள்ளிக் கிடந்தால் கொண்டுகூட்டிப் பொருள்கொள்ள வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அதை அளவுக்கு மீறிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி உண்டு. முல்லைப்பாட்டின் 103 அடிகளை நச்சினார்க்கினியர் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துக் கூட்டியதை மறைமலையடிகள் தம் ஆராய்ச்சியுரையில் மறுத்து, கிடந்தபடியே பொருள் சொன்னார். எலியட்டுக்கும் அவர் காலத்துக் கவிஞர் எஸ்ரா பவுண்டுக்கும் இந்தப் பயிற்சி அப்படியே உதவும். ஆங்கில வகுப்புக்குள் நுழைந்ததும் அதை வாசலில் கழற்றிவிட்டுப் போவது ஏன் என்றுதான் புரியவில்லை.

செய்முறை எளிது. பென்சில் வேண்டும், கைடு மூடியிருக்க வேண்டும். இருபது வரிக் கவிதை என்றால் முதலில் வாய்விட்டு ஒருமுறை. இரண்டாம் முறை முற்றுப்புள்ளிகளை மட்டும் வட்டமிடுங்கள், எத்தனை வாக்கியம் என்று எண்ணுங்கள். மூன்றாம் முறை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய்க்கு ஒரு கோடு, முற்றுவினைக்கு இரண்டு கோடு. நான், நீ, அவன், நாம் என்று வரும் ஒவ்வொரு பெயருக்கும் அது யார் என்று ஓரத்தில் எழுதுங்கள், தெரியாவிட்டால் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிகளில்தான் பிறகு விஷயம் கிடைக்கும். அகராதியில் முதல் பொருளோடு நிற்காதீர்கள். பவுண்டின் ‘இன் எ ஸ்டேஷன் ஆஃப் தி மெட்ரோ’வில் வரும் ‘அப்பாரிஷன்’ என்ற சொல்லுக்குத் தோற்றம் என்றும் பொருள், ஆவி என்றும் பொருள். பாரிஸ் நகரின் நிலத்தடி ரயில் நிலையத்தில் கூட்டத்துக்குள் தெரியும் முகங்கள் இரண்டுமாகத் தெரிகின்றன. அதில் ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டால் பாதிக் கவிதை போச்சு.

அந்தக் கவிதையில் இன்னொன்றும் உண்டு. இரண்டு வரி, 14 சொல், வினைச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. மூன்றாம் வாசிப்பில் இரட்டைக் கோடு போட இடம் தேடி, கிடைக்காமல் போகும். அதுதான் கண்டுபிடிப்பு. முகங்கள் ஒரு வரி, ஈரமான கறுத்த கிளையில் ஒட்டிய இதழ்கள் ஒரு வரி. ‘போல’ என்று இணைக்கும் சொல்லும் இல்லை. 30 வரியில் எழுதியதைக் கிழித்துப்போட்டு, ஆறு மாதம் கழித்து அதில் பாதியாக எழுதி, பிறகு ஓராண்டு கழித்து இந்த இரண்டு வரிக்கு வந்ததாகப் பவுண்டே சொல்லியிருக்கிறார். தலைப்பை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், ரயில் நிலையமே காணாமல் போய்விடும். தலைப்பு இங்கே மூன்றாவது வரி.

வாக்கியம் கிடைத்த பிறகு, அது எங்கெங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். இதற்கு வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸின் சிவப்பு வண்டிக் கவிதையைவிட நல்ல பயிற்சி கிடையாது. 1923இல் வந்த ‘ஸ்ப்ரிங் அண்ட் ஆல்’ நூலில் தலைப்பில்லாமல் 22ஆம் எண்ணோடு இருந்தது. ‘தி ரெட் வீல்பாரோ’ என்ற பெயர் பிறகு வந்தது. மொத்தம் 16 சொற்கள், ஒரே வாக்கியம்: எவ்வளவோ இருக்கிறது, மழைநீரில் பளபளக்கும் ஒரு சிவப்புத் தள்ளுவண்டியை நம்பி, வெள்ளைக் கோழிகளின் பக்கத்தில். வண்டி என்றால் காய்கறி விற்கும் நான்கு சக்கர வண்டியை நினைக்க வேண்டாம். கட்டட வேலையில் கலவை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி.

வகுப்பில் உடனே வரும் கேள்வி: இது கவிதையா? பதில் சொல்வதற்கு முன் கரும்பலகையில் இதை ஒரே வரியாக எழுதிக் காட்டலாம். பேச்சோடு பேச்சாகப் போய்விடும். பிறகு வில்லியம்ஸ் வெட்டியபடி எழுதலாம். நான்கு பத்தி, ஒவ்வொன்றிலும் மேல்வரியில் மூன்று சொல், கீழ்வரியில் ஒரே சொல். மேல்வரி அசைகளை எண்ணினால் நான்கு, மூன்று, மூன்று, நான்கு. கீழ்வரி ஒவ்வொன்றும் இரண்டு அசை. கண்டபடி உடைத்துப் போட்டதல்ல என்பது அப்போதே தெரிந்துவிடும். இனி வெட்டு விழுந்த இடம். ‘வீல்பாரோ’ என்ற ஒரே சொல் ‘வீல்’ என்றும் ‘பாரோ’ என்றும் இரண்டு வரியில் விழுகிறது. ‘ரெய்ன்’ ஒரு வரியில், ‘வாட்டர்’ அடுத்த வரியில். வண்டி என்று பழக்கத்தில் கடந்துபோகும் பொருளை முதலில் சக்கரமாகவும் பிறகு வண்டியாகவும் தனித்தனியே பார்க்க வைக்கிறார். கண் தடுக்கி நிற்கிறது. தடுக்கி நிற்பதால் பார்க்கிறது. ‘க்ளேஸ்டு’ என்ற சொல் பீங்கான் மேல் ஏற்றும் மெருகுக்குச் சொல்வது. மழை வண்டிக்கு மெருகு போட்டிருக்கிறது.

இங்கே விடைத்தாளில் நடப்பது என்ன? சிவப்பு உழைப்பாளி வர்க்கம், வெள்ளை சமாதானம், மழை அருள். ரிச்சர்ட்ஸ் சொன்ன கையிருப்பு உணர்ச்சி நிறங்களிலும் வேலை செய்கிறது. கவிதை நிறத்துக்கு அர்த்தம் எதையும் சொல்லவில்லை. எது வண்டியை நம்பியிருக்கிறது என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தை நாம் போய் நிரப்பினால் கவிதையைத் திருத்துகிறோம் என்று அர்த்தம். நியூ ஜெர்சியின் ரதர்ஃபோர்டில் மருத்துவராக இருந்த வில்லியம்ஸ் பார்த்தது, அதே ஊரில் வசித்த தேடியஸ் மார்ஷல் என்ற கறுப்பினத் தெரு வியாபாரியின் வண்டி என்று 2015இல் ஆய்வாளர் ஒருவர் கண்டறிந்து சொன்னார். நம்பியிருப்பது என்ற வினைக்கு இது வயிற்றுப்பாட்டின் கனத்தைக் கொடுக்கிறது, சரி. ஆனால் கவிதையைப் படித்து முடித்த பின் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. முதலிலேயே சொல்லிவிட்டால் மாணவர் வண்டியை விட்டுவிட்டு வியாபாரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிடுவார்.

காலம் காட்டும் வினைகளைக் கவனிக்காததால் ஒரு கவிதையே தலைகீழாகிப் போனதற்கு உதாரணம் ராபர்ட் ஃப்ராஸ்டின் ‘தி ரோடு நாட் டேக்கன்’. 1915இல் வெளிவந்தது. சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் பல ஆண்டுகள் இடம்பெற்றது. யாரும் போகாத பாதையில் துணிந்து போனவன் வென்றான் என்பதுதான் பேச்சுப் போட்டி வரைக்கும் பரவிய பொருள். கவிதையோ இரண்டு பாதையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேய்ந்திருந்தன என்று இரண்டாம் பத்தியிலேயே சொல்லிவிடுகிறது. மூன்றாம் பத்தி அன்று காலை இரண்டிலும் மிதிபடாத சருகு ஒரே மாதிரி கிடந்தது என்கிறது. பிறகு கடைசிப் பத்தியில் வினை எதிர்காலத்துக்குத் தாவுகிறது. பல காலம் கழித்து ஒரு பெருமூச்சோடு நான் இதைச் சொல்லிக்கொண்டிருப்பேன், ஆள் நடமாட்டம் குறைந்த பாதையில் போனேன், அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று. அதாவது, நடந்ததை அவன் சொல்லவில்லை. வயதான பிறகு எப்படிக் கதை கட்டுவேன் என்பதை முன்கூட்டியே சொல்கிறான். ‘ஷேல் பி டெல்லிங்’ என்ற மூன்று சொல்லைத் தாண்டிப் போனால் கேலி மறைந்து பொன்மொழி மட்டும் மிஞ்சும். எந்தப் பாதையில் போனாலும் மற்றதில் போயிருக்கலாமோ என்று அங்கலாய்க்கும் நண்பர் எட்வர்ட் தாமஸைச் சீண்டத்தான் இதை எழுதினார் ஃப்ராஸ்ட். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள தாமஸால் முடியவில்லை. அவர் படையில் சேர்ந்து 1917 ஏப்ரலில் ஆராஸ் போரில் இறந்தார்.

பேசுகிறவரும் எழுதியவரும் ஒருவரே என்று எடுத்துக்கொள்வது இதற்கு அண்ணன் தம்பி போன்ற தவறு. ‘ப்ரூஃப்ராக்’ கவிதையில் தலை வழுக்கையாவதை எண்ணிக் கவிஞர் வருந்துகிறார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதை எழுதி முடித்தபோது எலியட்டுக்கு 22 வயது. தலைவி கூற்று என்றால் பாடியவர் கபிலர் என்று பிரித்துப் படிக்கத் தெரிந்த நமக்கு இது ஒரு பெரிய வித்தையா?

ஓசையைப் பற்றி வகுப்புகளில் பேச்சே இருப்பதில்லை. இருந்தால் ‘ஃப்ரீ வெர்ஸ்’, அதாவது யாப்பில்லாத கவிதை, என்பதோடு முடிந்துவிடும். நவீன உலகம் சிதைந்தது, ஆகவே யாப்பும் சிதைந்தது என்று ஒரு சூத்திரம். யேட்ஸும் ஃப்ராஸ்டும் ஓவனும் யாப்பில்தான் எழுதினார்கள். ‘ப்ரூஃப்ராக்’ முழுக்க இயைபு ஓடுகிறது. சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. தமிழ் அசை குறில் நெடிலைப் பார்த்து நேர், நிரை என்று பிரிவது. ஆங்கில அசை அழுத்தத்தைப் பார்த்துப் பிரிவது. நாம் ஆங்கிலம் பேசும்போது எல்லா அசைக்கும் ஏறக்குறையச் சமமாகக் கனம் கொடுக்கிறோம். அதனால் அழுத்தமில்லாத அசையும் அழுத்தமுள்ள அசையும் மாறி மாறி வருவதை ஐயம்பிக் என்று புத்தகம் சொல்வது காதில் விழுவதே இல்லை, மனப்பாடமாகத்தான் போகிறது.

ஃப்ராஸ்டின் ‘ஸ்டாப்பிங் பை வுட்ஸ் ஆன் எ ஸ்னோயி ஈவினிங்’ கவிதையின் முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஹூஸ் வுட்ஸ் தீஸ் ஆர் ஐ திங்க் ஐ நோ. எட்டுச் சொல், எட்டு அசை. ஒன்றுவிட்டு ஒன்று மேசையைத் தட்டுங்கள்: வுட்ஸ், ஆர், திங்க், நோ. கவிதை முழுக்க இந்தத் தட்டு மாறாமல் போகும், குதிரை வண்டியின் மணி போல. பல அசை கொண்ட சொற்கள் வரும் கவிதையில் முதலில் அகராதியைப் பார்த்து அவற்றின் அழுத்தத்தைக் குறித்துவிட வேண்டும். ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல்லானால் முதல் அசையிலும் வினையானால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும். பிறகு பெயர், வினை, அடைகளாக வரும் ஓரசைச் சொற்கள். ‘ஆஃப்’, ‘தி’, ‘டு’ போன்ற ஒட்டுச்சொற்கள் கடைசி. வரிசையை மாற்றிச் செய்தால், முன்முடிவோடு டம்-டம் என்று தட்டி வரியைச் சாகடிப்பீர்கள்.

இந்தக் கவிதையின் கடைசி வரிகள் 1964இல் நேரு மறைந்தபோது அவர் மேசையில் அவர் கையாலேயே எழுதப்பட்டிருந்தன. அதனாலேயே இந்திய வகுப்புகளில் இது கடமைக் கவிதையாகிவிட்டது. இயைபைக் கவனித்தால் வேறு ஏதோ நடப்பது தெரியும். முதல் மூன்று பத்தியிலும் மூன்றாம் வரி மட்டும் இயைபில் சேராமல் தனித்து நிற்கும். அடுத்த பத்தி அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு கிளம்பும். சங்கிலி அப்படியே நீளும். கடைசிப் பத்தியில் தனித்து நிற்கும் வரியே இல்லை. நான்கும் ஒரே ஓசை, கடைசி இரண்டும் ஒரே வரி. தூங்குவதற்கு முன் வெகுதூரம் போக வேண்டும் என்று சொல்கிறவன், ஓசையளவில் அங்கேயே நின்றுவிடுகிறான். கிளம்பினானா என்று கவிதை சொல்லவில்லை. இன்னொரு சங்கதி: காடு அழகாக, இருண்டு, ஆழமாக இருக்கிறது என்ற வரியில் ஃப்ராஸ்ட் போட்டது அழகு என்ற சொல்லுக்குப் பின் ஒரு காற்புள்ளி மட்டும். இருட்டும் ஆழமும் சேர்ந்துதான் அந்த அழகு என்று படிக்க அது இடம் தருகிறது. 1969இல் வந்த தொகுப்பில் பதிப்பாசிரியர் இருட்டுக்குப் பின்னும் ஒரு காற்புள்ளி சேர்த்துவிட்டார். அழகு, இருட்டு, ஆழம் என்று மூன்றும் தனித்தனிச் சரக்காயின. உங்கள் பாடநூலில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

மேற்கோள்களுக்கும் குறிப்புகளுக்கும் வருவோம். ‘தி வேஸ்ட் லேண்ட்’ நூலாக வந்தபோது எலியட் சேர்த்த பின்குறிப்புகளைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பயந்தார்கள். பிற்காலத்தில் அவரே அதைப் போலிப் புலமை என்று கேலி செய்தார். இந்திய மாணவருக்கு அதில் ஒரு ஆசைப்பொருள் உண்டு. ஐந்தாம் பகுதியில் வரும் தத்த, தயத்வம், தாம்யத: கொடு, இரங்கு, அடக்கு என்ற மூன்று கட்டளைகள். பிருகதாரண்யக உபநிடதக் கதையை இரண்டு பக்கம் எழுதி, மேற்கின் நோய்க்குக் கிழக்கில் மருந்து கண்டார் எலியட் என்று முடித்தால் திருப்தியாக இருக்கும். கதை தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் உபநிடதத்தில் அடக்கு என்பது முதலில், கொடு என்பது அடுத்து, இரங்கு என்பது கடைசியில். எலியட் வரிசையை மாற்றி, அடக்கத்தைக் கடைசிக்குக் கொண்டுபோனார். அதைவிட முக்கியம், ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே வரும் பதில். கொடு என்றதும், என்ன கொடுத்தோம் என்று கேள்வி வருகிறது. இரங்கு என்றதும், கதவில் சாவி ஒரே ஒருமுறை திரும்பும் ஓசையும் அவரவர் சிறையும் வருகின்றன. அடக்கு என்ற இடத்தில் படகு தேர்ந்த கைக்கு இசைந்தது, உன் மனமும் அப்படி இசைந்திருக்கும் என்கிறது. ‘வுட் ஹேவ்’ என்ற வினையமைப்பு அது. இசைந்திருக்கும், ஆனால் அது நடக்கவில்லை. மருந்துச் சீட்டு கையில் இருக்கிறது, மருந்து வாங்கியபாடில்லை. உபநிடதத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர் இந்த இரண்டு சொல்லைப் பார்த்திருக்க மாட்டார்.

இனி நம்ம ஊர் ஆறு. ஏ.கே. ராமானுஜனின் ‘எ ரிவர்’, 1966இல் வந்த ‘தி ஸ்ட்ரைடர்ஸ்’ தொகுப்பில் இருக்கிறது. வைகையின் அழகைக் கவிஞர் வருணிக்கிறார் என்று தொடங்கும் விடைகளுக்குக் குறைவில்லை. கவிதையில் வைகை என்ற பெயரே கிடையாது. மதுரை பெயரோடு வருகிறது, ஆறு ‘எ ரிவர்’, ஏதோ ஒரு ஆறு. மதுரை நடுவே ஓடுவது ஒரே ஆறு என்று ஊருக்கே தெரிந்திருக்க, பெயரை விட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கம் இப்படிப் போகிறது: மதுரை கோயில்களின், கவிஞர்களின் நகரம், அந்தக் கவிஞர்கள் பாடியதோ நகரங்களையும் கோயில்களையும். நகரம், கோயில், கவிஞர், மறுபடி நகரம், கோயில். வட்டம் மூடிக்கொண்டது. ஆறு அதற்கு வெளியே கோடையில் மணலில் நூலாக வற்றிக் கிடக்கிறது. மணல் விலா எலும்பாகத் தெரிகிறது, மதகில் வைக்கோலும் பெண்களின் தலைமுடியும் அடைத்திருக்கின்றன. கவிஞர்கள் வெள்ளத்தை மட்டும்தான் பாடினார்கள்.

இந்தக் குற்றச்சாட்டின் கனம் தமிழ் படித்தவருக்குத்தான் முழுசாகத் தெரியும். பரிபாடலில் வையைக்கு 26 பாட்டு இருந்ததாகப் பழைய வெண்பா கணக்குச் சொல்கிறது. கிடைத்திருக்கும் வையைப் பாட்டுகளில் ஓடுவது புதுப்புனல், அதில் நீராட்டு. ராமானுஜன் இது தெரியாமல் சொன்னவரல்ல. அடுத்த ஆண்டே குறுந்தொகைப் பாடல்களின் மொழிபெயர்ப்பை வெளியிட்டவர்.

பெயர்களுக்கு ஓரத்தில் குறிப்பு எழுதச் சொன்னது இங்கேதான் பலன் தரும். வெள்ளம் வந்தபோது அவன் ஒரு நாள் அங்கே இருந்தான் என்று திடீரென ஒரு ‘ஹி’ வருகிறான். யார் அவன்? கவிதை சொல்லவில்லை. ஊரார் தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறியது, எத்தனை படி மூழ்கியது என்று துல்லியமாகப் பேசுகிறார்கள். மூன்று வீடு, ஒரு கர்ப்பிணி, கோபி, பிருந்தா என்ற இரண்டு பசு, வழக்கம்போல அடித்துக்கொண்டு போனதையும் பேசுகிறார்கள். பசுவுக்குப் பெயர் இருக்கிறது. பெண்ணுக்கு இல்லை. ‘ஆஸ் யூஷுவல்’ என்ற இரண்டு சொல்லில் ஒரு சாவு வருடாந்திரச் செய்தியாகிவிடுகிறது. இதுவரை பலரும் எழுதிவிடுவார்கள்.

பட்டியல் கவிதையின் முடிவில் இன்னொரு முறை வருவதைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் பட்டியலில் வீடு, பெண், பசு. இரண்டாவதில் வீடு, பசு, பெண். பெண் கடைசிக்குப் போனதால் அவளைப் பற்றிப் பேச்சு நீள்கிறது. நடுவில், அவள் வயிற்றில் ஒருவேளை இரட்டைப் பிள்ளைகள் இருந்திருக்கலாம் என்று ‘பெர்ஹாப்ஸ்’ போட்டுச் சொன்ன கவிதை, கடைசியில் அந்தச் சொல்லை எடுத்துவிடுகிறது. ஒரே அச்சில் வார்த்த இரட்டையர், உடம்பில் மச்சம் கிடையாது, அடையாளம் தெரிய வேறு வேறு நிறத்தில் டயப்பர். அந்தக் கடைசிப் பகுதியைச் சொல்வது யார்? ‘ஹி செட்’ என்று தெளிவாகவே இருக்கிறது. புலவர்கள் பாடாமல் விட்ட பெண்ணைப் பற்றி அக்கறையோடு பேச வந்தவன், ஒருவேளை என்பதை உறுதியாக்கி, பிறக்காத பிள்ளைகளுக்கு, வைகைக் கரைக் கிராமத்தில், டயப்பர் வரைக்கும் மாட்டி அழகு பார்க்கிறான். அவனும் ஒருநாள் வந்து போன கவிஞன்தான். கேலி பழைய புலவர்களோடு நின்றுவிடவில்லை.

ஐந்து மதிப்பெண் விடைக்கு இதில் பாதி போதும். எந்தக் கவிதை, யார் பேசுகிறார், இதற்கு முன் என்ன நடந்தது என்று இரண்டு வாக்கியம். கொடுத்த வரியிலிருந்து இரண்டு அல்லது மூன்று சொல்லை மேற்கோள் குறிக்குள் எடுத்து, ஒவ்வொன்றும் அங்கே என்ன வேலை செய்கிறது என்று ஒவ்வொரு வாக்கியம். உவமை, உருவகம் என்று பெயர் சூட்டுவதோடு நிற்காமல், அதை எடுத்துவிட்டால் என்ன குறையும் என்று ஒரு வரி. ‘கவிஞர் இங்கே ஐரனி பயன்படுத்துகிறார்’ என்பதற்கு மதிப்பெண் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ‘ஊராரின் பட்டியலில் நடுவில் இருந்த பெண், அவன் பட்டியலில் பசுக்களுக்குப் பின்னால் போகிறாள், ஒருவேளை என்ற சொல்லும் காணாமல் போகிறது’ என்று எழுதியிருந்தால், நூறாவது விடைத்தாளைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பாடநூலை எடுத்து, அந்த இரண்டு இடத்தையும் புரட்டிப் பார்ப்பார்.